ஐந்து ஆணியும் ஒரு மூக்கும்

பிள்ளைகளே, போன மாதம் உங்கள் கிளினிக்கைப் பார்க்க வந்திருந்தேன். குளிரூட்டி ஓடுகிறது, கதிரை தன்பாட்டில் சாய்கிறது, நிமிர்கிறது. எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது. முழுத்தாடைப் பற்பாலங்களைக் கழற்றித் துப்புரவு செய்யும் அறையில் மட்டும் ஒரு பழைய மட்டை தொங்கியது. "ஆணிகளைக் கழற்றும்போது உரத்து எண்ணவும். பூட்டும்போது மறுபடியும் உரத்து எண்ணவும்." உங்களில் ஒருவர் அதைக் காட்டி, "இதை எந்தக் கிழவி எழுதினதோ, நாங்கள் என்ன பாலர் வகுப்புப் பிள்ளையளே?" என்று மற்றவரிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பல்லில் இடைவெளி உள்ளவர் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அந்தக் கிழவி நான்தான். அந்த மட்டை ஏன் அங்கே தொங்குகிறது என்று இப்போது சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நானும் கூடச் சிரிக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் நியமனம். பல்வைத்தியர் நான் ஒருத்தி. எனக்குத் துணை, பாக்கியமக்கா என்ற அற்றெண்டன். அறை கூட்டுவது, பல் ஆயுதங்களைக் கொதிநீரில் அவிப்பது, பயப்படுகிறவர்களின் தோளை அமத்திப் பிடிப்பது எல்லாம் அவர்தான். அவர் பிடித்தால் எந்த ஆண்பிள்ளையும் அசைய மாட்டான். நான் அப்போது பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து வந்த புதிசு. எனக்குத் தெரியாத பல் இனி முளைத்தால்தான் உண்டு என்ற எண்ணம்.

இந்தக் கதை நடந்த கிழமை பாக்கியமக்கா துக்கத்தில் இருந்தார். அவருடைய கலியாண மூக்குத்தி, ஒற்றைச் சிவப்புக் கல் வைத்தது, ஆஸ்பத்திரியில் எங்கேயோ விழுந்துவிட்டது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க மூக்கில் ஒரு சின்ன ஈர்க்குத் துண்டைச் செருகிக்கொண்டு திரிந்தார். வருகிற நோயாளி எல்லோரிடமும், "நிலத்திலை மினுங்கினதாய் ஏதும் கண்டனீங்களோ?" என்று கேட்பார். பல்வலியோடு வந்தவர்கள்கூட ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கதிரைக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள்.

ஒரு காலை, சால்வையால் வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். வாசலில் நின்று இடமும் வலமும் பார்த்தார். தனக்கு முன்னால் யாரும் இல்லை என்று நிச்சயமானதும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சுருவில் என்ற ஊரில் ஒரு பிள்ளையார் கோயில் குருக்கள். அறுபது வயதிருக்கும். பாக்கியமக்கா அவரைக் கண்டதும் கைகூப்பி, "ஐயா, என்ரை மூக்குத்திக்கு நேர்ந்து வைச்சிருக்கிறன்" என்றார். குருக்கள் சால்வைக்குள்ளால் ஏதோ ஆசீர்வதித்தார்.

சால்வையை அவிழ்த்தார். நான் ஒரு அடி பின்வாங்கினேன். அது மரியாதை இல்லைத்தான், ஆனால் கால் என்னைக் கேட்காமலே போய்விட்டது. அவ்வளவு கெட்ட மணம்.

வாய்க்குள் பார்த்தேன். கீழ்வரிசை முழுக்கக் கட்டுப்பல். முரசு, அதுதான் பல்லின் ஈறு, சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம். "ஓ, கட்டுப்பல்லைக் கழட்டாமல் விட்டிருக்கிறார், உள்ளுக்கை சாப்பாடு அடைஞ்சு கிடக்கு" என்று ஒரு நொடியில் நோயைத் தீர்மானித்துவிட்டேன்.

"ஐயா, பல்லைக் கழட்டுங்கோ."

அவர் தலையை ஆட்டினார்.

பொம்பிளைப் பிள்ளைக்கு முன்னால் பல்லைக் கழற்ற வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் அப்படி நிறையப் பேர் உண்டு. ஆகவே கேட்டுக்கொண்டு நிற்காமல் நானே கையை வைத்து இழுத்தேன். அசையவில்லை. காற்றுப் பிடித்திருக்கிறது என்று நினைத்து இரண்டு கையாலும் இழுத்தேன். பல் வரவில்லை, குருக்கள் வந்தார். கதிரையை விட்டு அரை முழம் எழும்பி வந்தார். "பாக்கியமக்கா, பிடியுங்கோ!" என்று கத்தினேன். அவர் பின்னால் நின்று தோளை அமத்த, நான் ஒரு காலைக் கதிரையின் கீழ்க்கம்பியில் உதைந்துகொண்டு இழுக்க, குருக்கள் இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார். அப்போதுதான் விட்டேன்.

"பிள்ளை," என்றார் மூச்சு வாங்க, "அது கழராது. நோர்வேக்காரன் தாடை எலும்பிலை துளை போட்டு, தூண் இறக்கி, ஆணியாலை பூட்டி விட்டவன்."

"முதலே சொல்லியிருக்கலாமே ஐயா!"

"நீர் கையை வெளியிலை எடுத்தால்தானே நான் சொல்ல!"

கதை இதுதான். நோர்வேக்குப் போன எங்கள் தீவுப் பெடியன்கள் அங்கே ஒரு வீட்டின் நிலவறையில் பிள்ளையாரை வைத்துக் கும்பிடத் தொடங்கியிருந்தார்கள். பிரதிட்டை செய்து, மற்றக் காரியங்களையும் நடத்தித் தர இவரைக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் மிஞ்சியிருந்த நாலைந்து பல்லும் விழுந்துவிட்டது. கோயிலுக்கு வருகிற ஒரு பெடியன் பல் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அங்கே புதுமுறையாய்ப் பல் பூட்டுகிற பெரிய வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டான். மாதக் கணக்காகத் தங்கி, கீழ்த்தாடையில் ஐந்து தூணும் அதன்மேல் ஒரே துண்டாய் முழுவரிசைப் பல்லுமாய் ஊருக்கு வந்து சேர்ந்தார். நீங்கள் தினம் காண்கிற அதே சாமான்தான். எனக்கு அது அதுவரைக்கும் விரிவுரையில் காலை நித்திரையோடு கேட்ட ஒரு வசனம்.

தூணுக்கும் முரசுக்கும் இடையில் கழுவுவதற்கென்று இடைவெளி விட்டிருந்தார்கள். நோர்வேயில் அந்த இடைவெளியால் தண்ணீர் போகும். சுருவிலில் பனாட்டுப் போனது. பனம்பழத்தைப் பிழிந்து காயவைத்த அந்தப் பண்டம் எவ்வளவு ஒட்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனாட்டு என்றால் குருக்களுக்கு உயிர். அது மட்டுமில்லை. நோர்வேப் பற்பசை முடிந்ததும் பழையபடி உமிக்கரியால் விளக்கத் தொடங்கியிருந்தார். பனாட்டும் கரியும் சேர்ந்து ஐந்து தூணையும் சுற்றிக் கறுத்து இறுகிப் போயிருந்தது.

"துப்புரவாக்கிற முறை ஏதும் எழுதித் தரேல்லையோ?" என்று கேட்டேன்.

மடியிலிருந்து பத்திரமாய் ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். அந்த வைத்தியர் ஆங்கிலத்தில் தட்டச்சில் அடித்துக் கொடுத்தது. குருக்கள் அதைச் சாமியறையில் படங்களோடு வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார். நோர்வே என்ன சொல்கிறது என்று பார்த்தால், "ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆணிகளைக் கழற்றி, பாலத்தை எடுத்து, தூண்களைத் துப்புரவு செய்யவும்" வரைக்கும் வாசிக்கலாம். அடுத்து, "எக்காரணம் கொண்டும்" என்று தொடங்கும் வசனம். அதன் மிச்சம் முழுக்கச் சந்தனம்.

"எக்காரணம் கொண்டும் என்ன ஐயா?"

"ஆருக்குத் தெரியும் பிள்ளை? முக்கியமான இடம்போலை கிடந்தது. அதுதான் அதிலை கூடப் பூசினனான்."

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். பட்டணத்துக்குக் கடலுக்கு மேலால் போகிற பண்ணைப் பாதை சண்டையால் பூட்டி மூன்று நாள். சுற்றி வள்ளத்தில் போனாலும் அன்றைக்குத் திரும்பி வர ஏலாது. ஒரு கிழமை பொறுத்து வாருங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். குருக்களின் முகம் வாடிவிட்டது.

"நாளைக்குக் காலமை கொடியேற்றம், பிள்ளை. கோயிலை நடத்திற மணியகாரர் ஏற்கெனவே கடல் கடந்து போட்டு வந்தவன் எண்டு என்னிலை ஒரு கண். இப்ப மந்திரம் முன்னாலை போக மணம் பின்னாலை வருகுதாம். நாளைக்கும் இப்பிடி எண்டால் அடுத்த நாள் தொடக்கம் வேறை குருக்களாம். முப்பது வரியமாய் நான் தொட்ட பிள்ளையார்." அவர் அழவில்லை. ஆனால் சால்வையை எடுத்து மடியில் வைத்து மடித்தார், பிறகு விரித்தார், பிறகும் மடித்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இருங்கோ ஐயா. இண்டைக்கே செய்து விடுறன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. பிள்ளைகளே, இந்த வார்த்தையை வாயால் விடமுதல் மேசையில் என்ன ஆயுதம் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். என் மேசையில் குறடும் நெம்புகோலும் சுரண்டியும்தான் இருந்தன. திருகாணி கழற்றத் திருப்புளி இல்லை.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் மணிக்கூடு திருத்தும் கடை ஒன்று இருந்தது. சரவணையிலிருந்து சைக்கிளில் வந்து போகும் ஒருவர் நடத்தினார். ஊரே அவரை மணிக்கூட்டு அண்ணை என்றுதான் சொல்லும். சின்னத் திருப்புளி ஒன்று இரவல் வாங்கி வரப் பாக்கியமக்காவை அனுப்பினேன். திருப்புளியோடு ஆளும் வந்து நின்றார்.

"ஆயுதத்தைத் தனிய விடுறேல்லை, டொக்டர். அது போனால் நானும் போவன்."

விரட்ட மனமிருந்தது. திருப்புளி அவர் கையில் இருந்ததால் விரட்டவில்லை. அதை அவித்தெடுத்தோம். ஆணித் தலைகளை மூடியிருந்த பூச்சைத் தோண்டினேன். உள்ளே ஐந்து சின்னஞ்சிறிய பொன் ஆணிகள், ஒவ்வொன்றின் தலையிலும் திருப்புளி பிடிக்க ஒரு கோடு. மணிக்கூட்டு அண்ணை கண்ணில் பூதக்கண்ணாடியைக் கொளுவிக்கொண்டு குருக்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"அசல் வேலை. உந்தமாதிரி மணிக்கூடு எங்கடை ஊருக்கு வாறேல்லை" என்றார். பிறகு, "டொக்டர், கழட்டிற ஆணியை ஒரு வெள்ளைச் சீலையிலை வரிசையாய் வையுங்கோ. வைக்க வைக்க எண்ணுங்கோ. வாய்விட்டு."

"அண்ணை, எனக்கு எண்ணத் தெரியும்."

"தெரியும் டொக்டர். ஆணிக்குத் தெரியாது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பல்கலைக்கழகம் போய் வந்த எனக்கு மணிக்கூடு திருத்துகிறவர் எண்ணப் படிப்பிப்பதா? ஐந்து ஆணியையும் கழற்றி இரண்டு மூன்று ஈரப் பஞ்சுச் சீலைத் துண்டுகளில் கண்டபடி போட்டு, தட்டில் வைத்தேன். வரிசையும் இல்லை, எண்ணவும் இல்லை. அவருக்கு வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு வைத்தேன்.

பாலம் கழன்று கையோடு வந்தது. அடியில் இருந்ததை நான் வர்ணிக்கவில்லை, நீங்கள் இன்னும் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். பாலத்தைப் பாக்கியமக்காவிடம் உப்புத் தண்ணீரில் ஊறப்போடக் கொடுத்துவிட்டு, இரும்புச் சுரண்டியை எடுத்து முதல் தூணில் வைத்து ஒரு இழுவை இழுத்தேன். கிறீச் என்றது.

"ஐயோ, கீறாதையுங்கோ!" என்று மணிக்கூட்டு அண்ணை தன்னுடைய தோலைக் கீறினதுபோல் கத்தினார். "மினுக்கின உலோகத்திலை இரும்பு படக்கூடாது. ஒரு கீறல் விழுந்தால் பிறகு ஊத்தை அங்கைதான் குடியிருக்கும். மணிக்கூட்டுச் சில்லை நாங்கள் உப்பிடித் தொடவே மாட்டம்."

திரும்பவும் கோபம் வந்தது. ஆனால் கை நின்றுவிட்டது. சந்தனம் பூசின கடிதத்தை எடுத்து, ஈரப் பஞ்சால் மெல்ல மெல்லத் துடைத்தேன். குருக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சந்தனத்துக்குக் கீழே இருந்து எழுத்து வந்தது. "எக்காரணம் கொண்டும் இரும்பு ஆயுதத்தால் தூண்களைச் சுரண்ட வேண்டாம்."

நான் அண்ணையின் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவர் சிரித்திருப்பார், எனக்கு ஏலாது. அலுமாரியில் இருந்த புதுப் பல் தூரிகை ஒன்றின் பிளாஸ்ரிக் பிடியை வெட்டி, கத்தியால் உளிபோலச் சீவினேன். அதனால்தான் ஐந்து தூணையும் சுரண்டினேன். மென்மையாய், கொஞ்சம் கொஞ்சமாய், ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு பஞ்சுச் சீலையை நாடாவாய்க் கிழித்து, தூணைச் சுற்றிப் போட்டு இரண்டு பக்கமும் இழுத்து மினுக்கினேன். தூண்கள் வெள்ளி மாதிரி வந்தன. முரசின் மணமும் பாதி போய்விட்டது. இடையில் பாக்கியமக்கா வந்து பாவித்த பஞ்செல்லாம் வாளியில் அள்ளிக்கொண்டு போனார். எனக்கு என்னிலே ஒரு பெருமை. பாலத்தைக் கழுவி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். அளவாய் உட்கார்ந்தது, திரும்ப எடுத்து வைத்தேன். ஆணிக்குக் கையை நீட்டினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பிள்ளைகளே, அந்த நேரம் நான் வாய்விட்டு எண்ணினேன். ஐந்து வரவில்லை.

தட்டைக் கவிழ்த்தேன். மேசையைத் தடவினேன். பிறகு நிலம். நானும் மணிக்கூட்டு அண்ணையும் கதிரையைச் சுற்றி முழங்காலில் தவழ்ந்தோம். அவர் பூதக்கண்ணாடியோடு ஒரு மூலையிலிருந்து சீமெந்து நிலத்தைக் கீறல் கீறலாய்ப் பார்த்து வந்தார். எண்ணச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருக்கலாம், மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். மேலே குருக்கள் கீழ்ப்பல் இல்லாமல், உதடு உள்ளே போய், முகம் பாதியாய் இருந்தார். "பிள்ளை, என்ன தேடுறீர்?" என்று கேட்டார். சொல்லில் பாதி காற்று. அந்தக் காற்றை வைத்துக்கொண்டு நாளைக்கு எப்படி மந்திரம் சொல்வார்?

நான்கு ஆணியோடு பூட்டி விடலாம். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு தூண் சும்மா நிற்க, மற்ற நாலிலும் பாரம் ஏறும். ஒரு ஆணி முறிந்தால் மற்றதும் முறியும், தாடை எலும்பு வரை போகும். அதைச் செய்துவிட்டு நான் நித்திரை கொள்ள முடியாது. பூட்டாமல் விட்டால் நாளைக்குக் கொடியேற்றம் இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாய் எனக்கு வீட்டுக்கு ஓடிப் போய் அம்மாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாக்கியமக்கா பால் விடாத இரண்டு கோப்பை பிளேன்ரீயோடு, சிரித்த முகமாய் வந்தார்.

"டொக்டர், பிள்ளையார் கண் திறந்திட்டார்! வாளியைக் கிடங்கிலை கொட்டேக்கை பஞ்சுக்குள்ளை மினுங்கிச்சுது. கல்லு விழுந்து போச்சு, காம்பாவது கிடைச்சுதே! வாசல் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சிட்டன்."

நிமிர்ந்து பார்த்தேன். மூக்கில் ஈர்க்கு இல்லை. அந்த இடத்தில் ஒரு பொன் பொட்டு. பொட்டின் நடுவில், நேராய், ஒரு கோடு. திருப்புளி பிடிக்கிற கோடு.

மணிக்கூட்டு அண்ணையும் கண்டுவிட்டார். இரண்டு பேரும் முழங்காலில் நின்றபடியே பாக்கியமக்காவின் மூக்கைப் பார்த்தோம். அவர் வெட்கப்பட்டு, "என்ன, வடிவாய்க் கிடக்கோ?" என்று கேட்டார்.

குருக்களுக்குக் கேட்காமல் அவரைக் கோப்பைகளும் கையுமாய் ஆயுதம் அவிக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். விசயத்தைச் சொன்னேன். பாக்கியமக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"விசர்க்கதை கதைக்காதையுங்கோ டொக்டர். இது என்ரை கலியாண மூக்குத்தி. ஐயான்ரை பல்லு எண்டால் பல்லு மாதிரியெல்லோ இருக்கும்?"

அண்ணை மற்ற நாலு ஆணியையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பாக்கியமக்கா குனிந்து பார்த்தார். சுவரில் இருந்த கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தார். திரும்பவும் உள்ளங்கையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஒரு கையாலை தந்து மற்றக் கையாலை பறிக்கிறாரே, உந்தப் பிள்ளையார்! தேங்காய் உடைக்க முந்தியெண்டாலும் சொல்லியிருக்கலாம்." மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "சரி, எடுங்கோ. ஐயான்ரை கொடியேற்றத்துக்குத்தானே."

எடுக்கப் பார்த்தால் வரவில்லை. நல்லாய் நிற்கட்டும் என்று திருகி ஏற்றியிருக்கிறார். ஆகவே பிள்ளைகளே, திருப்புளியால் மனித மூக்கில் ஆணி கழற்றிய பல்வைத்தியர் இந்த நாட்டில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். நான் திருப்புளியைப் பிடிக்க, அண்ணை கண்ணாடியோடு பக்கத்தில் நின்று, "இடப்பக்கம், டொக்டர், இடப்பக்கம். மெல்ல. அரைச் சுற்று. இன்னும் அரைச் சுற்று" என்று சொல்ல, பாக்கியமக்காவின் முகம் மெல்ல மெல்ல மாறத் தொடங்கியது. மூக்கு விரிந்தது. கண் சுருங்கியது.

"தும்மாதையுங்கோ!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"நான்... என்ன... வேணுமெண்டே..."

தும்மினார். தும்மல் என்றால் ஆஸ்பத்திரி ஓடு அதிரும் தும்மல். ஆணி திருப்புளியை விட்டுப் பறந்ததை நான் கண்ணால் காணவில்லை. டிங் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மூவரும் அசையாமல் நின்றோம். அண்ணை மெதுவாய்த் தன் பிளேன்ரீக் கோப்பையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ரை தேத்தண்ணிக்குள்ளை கிடக்கு" என்றார்.

ஆணியைக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். வழமையைவிட இரண்டு மடங்கு நேரம் அவித்தேன். அவிகிற நேரம் முழுக்க ஒரு யோசனை. குருக்களுக்குச் சொல்வதா, விடுவதா? எவ்வளவு ஆசாரமான மனிசன். ஊரில் கோயிலடிக் கிணற்றுத் தண்ணீர் தவிர வேறு குடிக்காதவர். இன்னொருவர் மூக்கில் இருந்த ஆணி, அதுவும் வாளிக்குள் விழுந்து, தேத்தண்ணீருக்குள் விழுந்து வந்த ஆணி. சொன்னால் வேண்டாம் என்பார், நாளைக்குக் கோயில் போய்விடும். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பாக்கியமக்காவும், "சொல்லாதையுங்கோ டொக்டர், எனக்குப் பாவம் வரும்" என்றார். அண்ணை மட்டும், "அது அவரின்ரை வாய், டொக்டர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் காலையில் அவர் எண்ணச் சொன்னதைக் கேட்காமல் விட்டிருந்தேன். இதைக் கேட்டேன்.

போய், குருக்களுக்கு முன்னால் நின்று, எண்ணாமல் விட்டது தொடக்கம் தேத்தண்ணீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கியமக்கா கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. கீழ்ப்பல் இல்லாத வாயால் சத்தமில்லாமல், காற்றாய்ச் சிரித்தார்.

"அவிச்சனீரோ?"

"ஓம் ஐயா. இரண்டு மடங்கு நேரம்."

"அப்ப என்ன? கோயில் தீர்த்தத்தைக்கூட நாங்கள் அவிக்கிறேல்லை. பூட்டும், பிள்ளை." ஒரு கணம் நிறுத்தி, "இந்தமுறை எண்ணிப் பூட்டும்" என்றார்.

நான்கு பேருமாய் எண்ணினோம். கதவுக்குப் பின்னாலிருந்து பாக்கியமக்காவின் குரல்தான் உரத்துக் கேட்டது. ஐந்து.

அதன் பிறகு அவருக்குத் துப்புரவு படிப்பித்தேன். உமிக்கரி வேண்டாம், பனாட்டு வேண்டாம். அவர் இரண்டாவதை மறுத்தார், மாதத்தில் ஒருநாள் என்று பேரம் பேசி முடித்தோம். மீன் பிடிக்கிற தங்கூசி நூலை வளையமாய் மடித்து, அதற்குள் பஞ்சு நாடாவைக் கோத்து, பாலத்துக்குக் கீழால் விட்டு இழுக்கக் காட்டினேன். நீங்கள் இப்போது அழகான பெட்டியில் வாங்கித் தருகிற சாமான் செய்யும் வேலையைத்தான் அது செய்தது. குருக்கள் பார்த்துவிட்டு, "பூணூல் மாதிரிப் பழகினால் சரி" என்றார்.

அடுத்த நாள் காலை நான் கோயிலுக்குப் போனேன். பக்தியில் இல்லை, பயத்தில். பெண்கள் பக்கத்தில், பாக்கியமக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவருடைய மூக்கில் திரும்பவும் ஈர்க்கு. மணியகாரர் வேண்டுமென்றே குருக்களுக்கு நெருக்கமாய், கிட்டத்தட்ட அவருடைய வாயடியில் போய் நின்றார். மேளம் நின்றது. குருக்கள் வாயைத் திறந்தார்.

முதல் சொல் வந்தது, இரண்டாவது வந்தது. காற்று இல்லை, சீட்டி இல்லை, சொல் ஒவ்வொன்றும் வெட்டி வைத்த மாதிரி வந்தது. மணியகாரர் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். இன்னொருமுறை உறிஞ்சினார். பிறகு அவரும் கையை எடுத்துக் கும்பிட்டார். கொடி ஏறியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

பாக்கியமக்கா என் காதருகே குனிந்தார்.

"டொக்டர், ஐயா இப்ப ஒரு இழுவை இழுத்தாரே, கேட்டனீங்களோ? அது முழுக்க என்ரை மூக்குத்தியிலைதான் நிண்டது."

குருக்களுக்கு அந்தக் கணக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அடுத்த ஆண்டு நோர்வேயிலிருந்து புது ஆணிகள் வந்தபோது, பழைய ஐந்தில் ஒன்றை வெற்றிலையில் வைத்துப் பாக்கியமக்காவிடம் தானே கொடுத்தார். நகை செய்யும் பத்தர் ஒருவர் அதன் தலையில் சிவப்புக் கல் ஒன்று பதித்துக் கொடுத்தார். பிறகு சண்டையில் தீவைவிட்டு எல்லோரும் ஓடின நாட்களில் பாக்கியமக்காவிடம் மிஞ்சிய நகை அது ஒன்றுதான். நோர்வே ஆணி, கழராது என்று பெருமையாய்ச் சொல்லிக்கொள்வார். நாலு வீடு மாறியும் கழரவில்லை.

ஆகவே பிள்ளைகளே, எண்ணுங்கள். உரத்து எண்ணுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் எண்ணச் சொன்னால் அவர் எந்த வகுப்பு வரை படித்தார் என்று பார்க்காதீர்கள். பிழை விட்டால் வாய்க்குச் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. பாக்கியமக்காவின் உண்மையான மூக்குத்தி இன்றுவரைக்கும் கிடைக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க நான்தான் அந்த அறையில் பல் அடைத்தேன், ஒன்றையும் எண்ணாமல். தீவுப்பகுதியிலிருந்து வயதானவர் யாராவது உங்கள் கதிரையில் வந்து வாயைத் திறக்கும்போது, கடைவாய்ப் பக்கம் சிவப்பாய் ஏதும் மினுங்கினால், தயவுசெய்து எனக்கு ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள்.